ஒரு படகு, பல எதிரொலிகள்

சங்கரன்கோவில்காரர்களுக்குக் கிட்டத்துக் கடல் தூத்துக்குடிதான். அங்கே விசைப்படகில் ஏறினால் சுக்கான் சக்கரத்தின் அருகே ஒரு சின்னத் திரை இருக்கும். எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மீனையும் காட்டும் இதை எக்கோ சவுண்டர் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது திரை. உழைப்பதோ படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர். அதற்குள் ஒரு பீங்கான் வில்லை. மின்துடிப்பு கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது. 75 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்பப் பத்தில் ஒரு நொடி போதும்.

மீனின் சதை ஒலிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரிதான். பலமாக எதிரொலிப்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. அது இல்லாத சில சூரை வகைகள் திரையில் மங்கலாகவே விழும். ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீனவர்களுக்கென இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு படகுக்கு இப்படி ஒரு கருவி போதாதா? 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர், நெருங்கி நிற்கும் மீன்களையும் பிரித்துக் காட்டும், ஆனால் ஆழம் போகப் போகச் சீக்கிரம் தேய்ந்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் அலை 3 சென்டிமீட்டர். ஆழ்கடல் வரை இறங்கும், நுணுக்கம் குறைவு. அதனால்தான் கரையோரமும் ஆழ்கடலும் போகும் படகு இரண்டையும் கேட்கிறது.

ஆனால் ஒரே அலைவரிசையில் இரண்டு கருவிகள் ஓடினால், ஒன்றின் ஒலியை மற்றது தன் எதிரொலி என்று எடுத்துக்கொள்ளும். திரை முழுக்கச் சாய்ந்த புள்ளிக்கோடுகள். சில அடி தள்ளிப் பொருத்துவது இதற்கு மருந்தாகாது. அலைவரிசை வேறாக வேண்டும். அல்லது ஒன்று ஒலித்து முடித்த பிறகே அடுத்தது ஒலிக்குமாறு இணைக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் காற்று. மீனைக் காட்டிக்கொடுப்பது அதன் வயிற்றுக் காற்று. மீனை மறைப்பது படகுக்கடியில் ஓடும் காற்றுக்குமிழி. டிரான்ஸ்டியூசரை அணியத்துக்கு மிக அருகே வைத்தால் அலையில் அதன் முகம் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். அமரத்தில் புரொப்பல்லருக்குப் பின்னால் நுரைதான். அதற்கு முன்னால், எப்போதும் முங்கியிருக்கும், பலகை மேடுகளோ குழாய்த் துளைகளோ குறுக்கிடாத இடம் வேண்டும். ஒரு படகில் அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சமே. கெட்டியான ஃபைபர் படகென்றால் உள்ளிருந்தே ஒட்டலாம், ஒலி கொஞ்சம் குறையும். மரப்படகில் துளையிட்டே ஆக வேண்டும். மரத்துக்குள் இருக்கும் காற்று ஒலியை விடாது.

பொருத்தியபின் எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் போட்டதும் முதல் திரையில் புள்ளி விழுந்தால் அலைவரிசைச் சிக்கல். வேகமெடுக்கும்போது மட்டும் தரைக்கோடு காணாமல் போனால் குமிழி. படகைக் கரையேற்றி இடம் மாற்றத்தான் வேண்டும்.