நாகல்நகர் பூட்டும் நிகரத் திருப்பு விசையும்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் திருப்பு விசை என்றதும் கதவும் கீலும் வந்துவிடும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கதவு அசையாது, விளிம்பில் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். சரிதான். ஆனால் அங்கே தள்ளுவது ஒரே ஒரு கை. பல விசைகள் ஒரே பொருளை ஆளுக்கொரு பக்கம் திருப்பப் பார்த்தால் எது வெல்லும் என்பதுதான் நிகரத் திருப்பு விசைக் கணக்கு. அதற்குக் கதவைவிட, அதில் தொங்கும் பூட்டு நல்ல உதாரணம். திண்டுக்கல் மாணவர்களுக்கு நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறைகள் கூப்பிடு தூரம். 2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

முதலில் சாவி. கட்டைவிரல் சாவித்தலையின் ஒரு பக்கத்தை மேலே தள்ளுகிறது, ஆள்காட்டி விரல் மறுபக்கத்தைக் கீழே தள்ளுகிறது. இரண்டும் 10 நியூட்டன், அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். விசைகளைக் கூட்டினால் சுழி. சாவி எங்கும் நகர்ந்து போகாது. திருப்பு விசைகளோ (விசை × அச்சிலிருந்து தூரம்) ஒரே சுற்றுத் திசையில் இருப்பதால் 10 + 10 = 20 நியூட்டன்-சென்டிமீட்டர். சாவியின் பல் அச்சிலிருந்து அரை சென்டிமீட்டரில் இருந்தால், அது உள்ளே 40 நியூட்டன் வரை தள்ளமுடியும். நான்கு கிலோ எடைக்குச் சமம். சாவி வளையாதவரைதான் இந்தக் கணக்கு. தூரங்கள் மாறக்கூடாது என்பதற்காகத்தான் 'திண்மப் பொருள்' என்ற நிபந்தனையே.

இனி உள்ளே இருக்கும் லீவர். ஒரு முனையில் அச்சாணி கோத்த தட்டையான தகடு அது. ஸ்பிரிங் அதை 3 சென்டிமீட்டர் தூரத்தில் 1.5 நியூட்டனால் கீழே அழுத்துகிறது: −4.5. சாவிப்பல் 1.5 சென்டிமீட்டரில் 4 நியூட்டனால் மேலே தூக்குகிறது: +6. அச்சாணி தரும் எதிர்விசை பெரிதாகவே இருக்கலாம். ஆனால் தூரம் சுழி, ஆகவே கணக்கில் வராது. தகட்டின் எடை சில கிராம், விட்டுவிடலாம். நிகரம் +1.5, லீவர் எழும். சாவிப்பல் 3 நியூட்டன்தான் கொடுத்திருந்தால் நிகரம் சுழியாகி, லீவர் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கும்.

எழுந்தால் மட்டும் போதாது; சரியான உயரத்தில் நிற்கவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராதபடி லீவர் பூட்டை அமைத்து, 1778இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன். ஆறு லீவர் பூட்டு என்றால் ஒரே திருப்பில் ஆறு தனித்தனிக் கணக்குகள்.

சாவி இல்லாமல் தாழை முரட்டுத்தனமாகப் பின்னுக்குத் தள்ளினால்? தாழிலுள்ள முளை லீவரின் விளிம்பில் முட்டும். 200 நியூட்டன் கொடுத்தாலும், அந்த விசையின் கோடு லீவரின் நீளவாக்கில் போய் அச்சாணி வழியே சென்றால் திருப்பு விசை சுழி. கோடு 1 மில்லிமீட்டர் விலகட்டும்: 200 × 0.1 = 20. ஸ்பிரிங்கின் 4.5ஐ விட நான்கு மடங்குக்கும் மேல்! விலகல் ஒரு பக்கமானால் லீவர் இன்னும் இறுகும். மறுபக்கமானால் திறக்கப் பார்க்கும். அரம் பிடிக்கும் கையின் நிதானத்தில் எவ்வளவு பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்பதை இந்த 1 மில்லிமீட்டரில் பார்க்கலாம்.

முட்டும் இடத்தில் உராய்வு என்று இன்னொரு விசையும் உண்டு. அது நீளவாக்கில் இல்லை, மேல்-கீழாக. அதனால் அதற்கு முழுத் தூரமும் கிடைக்கிறது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி சமயத்தில், திறக்கவே முடியாது எனப் பேர்பெற்ற சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் சாவியின்றித் திறந்து காட்டினார். இந்த உராய்வை நம்பி, தாழை அழுத்திப் பிடித்தபடி லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்குவது அவர் வழி. நம் பூட்டில் செய்தால், 3 சென்டிமீட்டர் தூரத்தில் உராய்வு வெறும் 1.5 நியூட்டன் கொடுத்தால் +4.5. ஸ்பிரிங்கின் −4.5 அதோடு தீர்ந்தது. தூக்கிய லீவர் தூக்கிய உயரத்திலேயே நிற்கும். அவர் அடுத்த லீவருக்குப் போய்விடலாம்.