பயிற்சிக்குப் போனால் மையத்தை யார் திறப்பது?

தியாகதுருகத்து அங்கன்வாடிப் பணியாளருக்குக் கள்ளக்குறிச்சியில் பயிற்சிக் கூட்டம் என்றால் பேருந்தேறிப் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வேலை பார்ப்பவர் வெள்ளிமலைக்கு வந்து, கச்சிராயபாளையம் வழியாகக் கீழிறங்க வேண்டும். அன்றைக்கு அவருடைய மையம் என்ன ஆகும்?

கேள்வி எழக் காரணம் ஆள் கணக்கு. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி. பழங்குடிப் பகுதியில் 300 பேர் இருந்தாலே போதும். 150 பேர் உள்ள சிற்றூருக்குக் குறு அங்கன்வாடி. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடப்பதால் இந்தத் தளர்வு அவசியம்தான். ஆனால் குறு மையத்துக்கு உதவியாளர் கிடையாது. சமையல், எடை பார்ப்பது, பாட்டு, பதிவேடு எல்லாம் ஒருவர் தலையில். இவற்றை உதவியாளருடன் கூடிய முழு மையங்களாக்க 2023-ல் ஒன்றிய அரசு முடிவெடுத்தது.

பயிற்சிக்குப் பஞ்சமில்லை. தமிழகத்துக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இருக்கிறது. 2024-ல் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு 'நவசேதனா', அதற்கு மேற்பட்டோருக்கு 'ஆதார்ஷிலா' என ஒன்றிய அரசின் கையேடுகளும் வந்துவிட்டன.

கையேட்டில் படிப்பது வேறு, கை பழகுவது வேறு. குழந்தையின் இடது கையைத் தளரவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவு அளக்கும் நாடாவைச் சுற்ற வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. நாடாவைக் கொஞ்சம் இறுக்கினாலும் தளர்த்தினாலும் முடிவு மாறும். இதைக் கூட்ட அரங்கில் ஒரு தடவை பார்த்தால் வராது. மேற்பார்வையாளர் ஊருக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். அளந்ததை 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்ற சிக்னலும் வேண்டும், மலையில் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

இன்னொன்று, மையத்தில் உட்கார்ந்து படிப்பது மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ள குழந்தையைத் தாய் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது யார் பார்ப்பது? சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதிப் பழங்குடி ஊர்களில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவ அமைப்பு 'புல்வாரி' என்ற பகல்நேரக் காப்பகங்களை நடத்துகிறது. பார்த்துக்கொள்வது அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். கல்வராயன் மலைக்கும் இது பொருந்தும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஒற்றை ஆள் மையங்களுக்கு முதலில் உதவியாளரை நியமியுங்கள். பயிற்சித் தேதியைப் பிறகு அறிவிக்கலாம்.