மன்னார் அடுப்படி – 9: மாரி முடிந்ததும் வரும் மரக்கறிகள்

மன்னார்ச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர் கருவாட்டையும் நண்டையும் இறாலையும்தான் கேட்பார்கள். தைப்பொங்கல் கழிந்து பங்குனி வெயில் ஏறுவதற்குள் அவர்கள் இங்கே வந்து ஏதாவது ஒரு வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட வேண்டும். முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ச் சம்பல், பயற்றங்காய்க் கறி, பூசணிக்காய், மேலே ஊற்றிக்கொள்ளச் சொதி. மீன் இருந்தால் அதுவும் ஒரு ஓரத்தில் இருக்கும். வருடம் முழுக்கக் கடல் ஊட்டுகிற ஊரில், தரை ஊட்டுகிற காலம் இந்த இரண்டு மாதச் சொச்சம்தான். அதை நாம் வீணாக விடுகிறோம் என்ற கவலையில்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

மன்னாருக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆண்டு முழுவதற்கும் கிடைப்பதே ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர்தான்; இலங்கையின் மிக வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. மன்னார்த் தீவின் பெரும்பகுதி மணல். அந்த மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். தையில் அது நன்றாக ஊறி, தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். வாடைக்காற்று தணிந்து, வெயில் இன்னும் கடுமையாகாத அந்த நேரத்தில்தான் வீட்டு வளவுகளில் கத்தரியும் வெண்டியும் பயற்றையும் புடலும் காய்த்துக் கொட்டுகின்றன. கடலுக்கு அப்பால் பெருநிலப்பக்கம் கதை வேறு. முருங்கனிலும் நானாட்டானிலும் கறுப்புக் களிமண். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக்கூட முருங்கன் களியைத்தான் கொண்டுபோனார்கள். அங்கே கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த காலபோக நெல் இந்த நாட்களில்தான் வீட்டுக்கு வருகிறது. புது அரிசியும் புது மரக்கறியும் ஒரே நேரத்தில் கிடைப்பது எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

இந்த 2026இல் இன்னொரு பொருத்தமும் கூடியிருக்கிறது. பெப்ரவரி 15 மகா சிவராத்திரி, 18 விபூதிப் புதன், அதே வாரத்தில் ரமழான் நோன்பும் தொடக்கம். திருக்கேதீஸ்வரத்தில் இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் மறுநாள் பாறணைக்கு மரக்கறி தேடுகிறார்கள். பேசாலையிலும் வங்காலையிலும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஒதுங்கிவிடும். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் பின்னேரமானால் நோன்புக் கஞ்சிக்கு உள்ளியும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் தயாராகும். 1990இல் ஒரே மூச்சில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மூட்டிய அடுப்புகள் அவை. மூன்று வீட்டுக்காரரும் சந்தையில் ஒரே கீரைப்பிடிக்குக் கை நீட்டுவதைப் பார்க்கையில் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

கீரை விற்கும் பெண்கள் சொல்வதைக் கேட்டாலே பாதிச் சமையல் தெரிந்துவிடும். “காலையில ஒடிச்சது புள்ள, பின்னேரத்துக்கு வைச்சிராத” என்பார்கள். முருங்கையிலைக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். ஒடித்த கொப்பை அப்படியே மூட்டையில் கட்டி வைத்தால் மறுநாள் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து கிடக்கும். வந்த கையோடு ஈர்க்கை நீக்கி, கழுவி, சுளகில் பரப்பித் தண்ணீர் வடியவிடுங்கள். ஈர இலை சட்டிக்குள் போனால் அது வறையாகாது, அவியலாகிவிடும். எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், வெட்டிய வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் மஞ்சளும் உப்பும் சேர்த்து இலையைப் போட்டு, இரண்டு பிடி தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இலையைப் போட்ட பிறகு சட்டியை மூடக் கூடாது. கீரை வேகும்போது அதிலிருக்கும் புளிப்புச் சத்து ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது திரும்ப இலைமேலேயே விழுந்து பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். இலை கறுத்துப்போனதற்குக் கீரையைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் மூடியைப் போட்டவர்கள்தான்.

சொதியை நான் சமையலின் கடைசி வேலையாக வைத்துக்கொள்வேன். அது காத்திருக்கும் சாமான் இல்லை. தேங்காயைத் துருவிப் பிழிந்து முதற்பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் பாலில் வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை போட்டு அடுப்பில் வையுங்கள். தக்காளி இருந்தால் ஒன்று, முருங்கைக்காய் இருந்தால் நாலு துண்டு. காய் வெந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டி, இதோ கொதிக்கப்போகிறது என்கிற அந்தக் கணத்தில் இறக்கிவிடுங்கள். பொங்கிக் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். தேசிக்காய்ப் புளி சட்டி கீழே இறங்கிச் சூடு சற்றே ஆறிய பிறகுதான். இத்தனைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். 2022இல் நாடே எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் பனைமட்டையையும் சிரட்டையையும் எரித்துக்கொண்டு வீடுகள் சமாளித்ததற்கு இப்படிச் சீக்கிரம் முடிகிற கறிகள் பெரிய காரணம்.

அதே தணலில் கத்தரிக்காய் சுடலாம். முழுக்காயில் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு, தோல் கரிந்து காய் துவளும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, தோலை உரித்து மசித்துக்கொள்ளுங்கள். பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால், தேசிக்காய். இதற்கு எண்ணெயே வேண்டாம். மன்னாரில் பிட்டுக்கு இதைவிட நல்ல கூட்டாளி இல்லை என்பது என் துணிந்த முடிவு.

இந்தச் சட்டிகளில் விழும் சரக்குகளுக்கும் ஒரு பழைய கதை உண்டு. மன்னாரை அடுத்த மாந்தைத் துறைமுகத்தின் பழைய மேட்டில் 2009–10இல் நடந்த அகழ்வில் அரிசியும் மிளகும் கராம்பும் கிடைத்தன. கராம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழையது. இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்தது. செத்தல் மிளகாயும் பச்சை மிளகாயும் தக்காளியும் பூசணியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தது 1560இல். அவர்கள் ஆசியாவுக்குள் வருவதற்கு முன் மாந்தையில் ஒருத்தி சொதி வைத்திருந்தால் அதன் உறைப்பு மிளகாகத்தான் இருந்திருக்கும். பச்சை மிளகாய்க்குப் பதில் பத்து மிளகைத் தட்டிப்போட்டு ஒருநாள் வைத்துப் பாருங்கள். தடிமன் பிடித்தவருக்கு அருமையாக இருக்கும்.

தை, மாசியில் பனங்கிழங்கையும் விட முடியாது. மாரிக்கு முன் பாத்தி கட்டிப் போட்ட பனங்கொட்டைகள் கீழே கிழங்கு விட்டிருக்கும். கிண்டி எடுத்து அவித்து, நாரை உரித்து, மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து இடித்துத் துவைத்தால் அது ஒரு நேரச் சாப்பாடு. அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். அந்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை ஊற்றிவிட்டால் காறல் குறையும். பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி, கிடைத்த மீன் எல்லாம் ஒரே பானையில் வெந்ததும், செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் பழப்புளியும் ஒடியல் மாவும் கரைத்து ஊற்றினால் கூழ். தவக்காலத்துக்கு மீனை விட்டுவிட்டுப் பலாக்கொட்டையைக் கூடப் போடுங்கள், குறை தெரியாது.

இத்தனையும் அந்த மணலையும் அதன் நன்னீரையும் நம்பித்தான் இருக்கிறது. மோட்டர் பூட்டி மட்டுமீறி இறைத்த கிணறு உவராகிவிட்டால் முதலில் சாவது கத்தரிப் பாத்தி. 2025இல் கனிய மணல் அகழ்வுக்கும் புதிய காற்றாலைகளுக்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மண்ணைத் தோண்டிக் கலைத்தால் வெள்ளம் வடியாது, கிணறு நிலைக்காது என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். தம்புள்ளையிலிருந்து லொறியில் வரும் லீக்ஸும் கோவாவும் கரட்டும் வருடம் முழுக்கக் கடையில் இருக்கும், நல்ல மரக்கறிகள்தான். ஆனால் வேலியோரத்தில் இலவசமாய்த் தழைத்து நிற்கும் முருங்கையைத் தாண்டிப்போய் வாடிய லீக்ஸைக் காசு கொடுத்து வாங்க என்ன அவசியம்?

சித்திரைக்குள் பாத்திகள் காய்ந்துவிடும். இப்போதே மிஞ்சும் கத்தரிக்காயையும் பாகற்காயையும் வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வெயிலில் போடத் தொடங்குங்கள். பச்சை மிளகாயை மோரில் ஊறவைக்கவும் இதுவே நேரம். சோளகம் அடிக்கும் மாதங்களில் மரக்கறி விலை ஏறும்போது அவைதான் கைகொடுக்கும். பூஞ்சணம் பிடிக்காமல் வற்றல் போடுவதை அடுத்த வாரம் பார்ப்போம்.