வீட்டு அக்வாபோனிக்ஸ்

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் வளர்ப்பையும் மண்ணில்லாப் பயிர் வளர்ப்பையும் ஒரே நீர்ச் சுற்றில் இணைக்கும் முறையாகும். மீன் தொட்டியின் நீர் செடிப் படுகை வழியாகச் சென்று மீண்டும் தொட்டியை அடைகிறது. மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது, செடி நீரைத் தூய்மையாக்குகிறது என்று இது சுருக்கமாக விளக்கப்படுவதுண்டு. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே செயற்படும் பாக்டீரியாக்களே இம்முறையின் அடிப்படை ஆகும். அவை பெருகும் முன்னரே மீன்களை விடுவது, புதிய அமைப்புகளில் மீன்கள் இறப்பதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

வரலாறு

நெல்வயலில் மீன் வளர்க்கும் வழக்கம் ஆசியாவில் பழமையானது. தற்கால அக்வாபோனிக்ஸ் 1970களிலும் 1980களிலும் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மக்மர்ட்ரி மணற்படுகை முறையை ஆராய்ந்தார். விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசியின் குழு, திலாப்பியா மீனையும் மிதவைப் படுகைகளையும் கொண்ட அமைப்பை உருவாக்கியது. வீடுகளில் பெரிதும் பயன்படும் சரளைக்கல் படுகை, மணற்படுகையின் வழிவந்ததாகும்.

செயற்பாடு

மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. இது மீனுக்கு நஞ்சாகும். நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் ஆகியன அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு மீனுக்குப் பெரிதும் தீங்கற்றது. செடிகளுக்குச் சிறந்த ஊட்டம். இப்பாக்டீரியாக்கள் சரளைக்கற்களின் மேற்பரப்பில் படிந்து வாழ்கின்றன.

அமைக்கும் முறை

1000 லிட்டர் தொட்டி, ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 செ.மீ. ஆழமும் கொண்ட இரு படுகைகள், மணிக்கு 1000 லிட்டர் நீரை ஏற்றும் பம்பு, காற்றுப் பம்பு ஆகியன தொடக்கத்திற்குப் போதுமானவை. பாசி படராதிருக்கத் தொட்டி ஒளி புகாததாக இருத்தல் வேண்டும். சரளைக்கல்லின் மீது வினிகர் விட்டால் நுரைக்கக் கூடாது. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது, அது நீரின் பிஎச் மதிப்பை உயர்த்தும். செம்பு, துத்தநாகம் பூசிய குழாய்களைத் தவிர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாட்கள் வைத்தபின் பயன்படுத்தலாம். குளோரமைன் இவ்வாறு நீங்காது; அதற்குத் தனி வடிப்பான் தேவை.

பாக்டீரியா பெருக்கம்

மீன் இல்லாத நிலையில் நீரைச் சுழலவிட்டு, நாள்தோறும் சிறிதளவு மீன் தீவனம் இடப்படுகிறது. அது அழுகும்போது அமோனியா உண்டாகிறது. சோதனைப் பெட்டியால் அளந்தால் முதலில் அமோனியாவும், பின்னர் நைட்ரைட்டும் உயர்ந்து தாழ்வதைக் காணலாம். இரண்டும் ஏறத்தாழ சுழியமாகி, நைட்ரேட்டு உயர்ந்த பின்னரே மீன்களை விட வேண்டும். வெப்பமான சூழலில் இதற்கு 3 முதல் 5 வாரங்கள் ஆகும். குளிரில் மேலும் காலம் எடுக்கும். நீர் தெளிவாக இருப்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

மீனும் செடியும்

திலாப்பியா, கெண்டை, கெளுத்தி ஆகியன ஏற்றவை. சில நாடுகளில் திலாப்பியா வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மேற்கூறிய தொட்டியில் 10 கிலோகிராம் எடை வரை மீன் வளர்க்கலாம். வளர்ந்த மீன்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தீவனம், அதாவது உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு எனக் கொண்டால், அது 2 சதுர மீட்டர் கீரைக்கு ஈடாகும். தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு ஊட்டம் கூடுதலாகத் தேவைப்படும். மீன் உண்ணாத தீவனத்தை அகற்றிவிட வேண்டும்.

பராமரிப்பு

பிஎச் மதிப்பு 6 முதல் 7 வரை இருப்பது மூவகை உயிர்களுக்கும் பொருந்தும். பாக்டீரியாக்களின் செயலால் அது நாளடைவில் குறையும் என்பதால் வாரந்தோறும் அளக்க வேண்டும். இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறையாகும். மீன் தீவனத்தில் இரும்பு போதிய அளவில் இருப்பதில்லை. செடிக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மீனைக் கொல்லக்கூடும். மீனுக்கு இடும் மருந்து பாக்டீரியாவை அழிக்கக்கூடும்.

மின்தடை பெரும் இடராகும். காற்றோட்டம் நின்றால் மீன்கள் சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். எனவே மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை முன்னரே வைத்திருத்தல் இன்றியமையாதது.