ஆட்டத்துக்கும் கணினிக்கும் நடுவே

சாளரம் திறப்பது, எந்த விசை தட்டப்பட்டது என்று அறிவது, ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்புவது போன்ற அடிப்படை வேலைகள் விண்டோஸில் ஒருவிதமாகவும் லினக்ஸில் வேறுவிதமாகவும் நடைபெறுவதால், ஒரே கணினி விளையாட்டை இரண்டிலும் ஓடவைக்க விரும்பும் நிரலர் அவற்றுக்கான நிரலை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. இந்தச் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நிரல் நூலகங்களில் முதன்மையானது, சாம் லாண்டிங்கா 1998இல் வெளியிட்ட 'சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர்', சுருக்கமாக எஸ்டிஎல். நிரல் நூலகம் என்பது பிற நிரல்கள் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. எஸ்டிஎல்லின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

ஆட்டக்காரர் இடது அம்புக்குறியைத் தட்டினால், இயங்குதளம் தன் மொழியில் தரும் அந்தச் செய்தியை எஸ்டிஎல் 'நிகழ்வு' என்னும் பொதுவடிவத்துக்கு மாற்றி வரிசையில் வைக்கிறது. பொதுவாக நொடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பிக்கும் விளையாட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அவ்வரிசையைப் பார்த்து, பாத்திரத்தை நகர்த்திவிட்டு, புதிய படத்தை வரைகிறது. பாத்திரம் சுவரில் மோதினால் என்ன ஆகும் என்பதில் எஸ்டிஎல் தலையிடுவதில்லை; அந்தப் பொறுப்புகளையும் ஏற்கும் 'விளையாட்டு இயந்திரம்' என்ற பெரிய மென்பொருள்களிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். தன் எல்லையை இவ்வளவு கறாராக வகுத்துக்கொண்டதே இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் எனலாம்.

வணிக விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த லோக்கி என்ற அமெரிக்க நிறுவனத்தில் லாண்டிங்கா தலைமை நிரலராக இருந்தார். அந்நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோதும், மூல நிரல் பொதுவில் இருந்ததால் எஸ்டிஎல் அதனோடு மறையவில்லை. பைத்தான் மொழி கற்போர் விரும்பும் பைகேம் என்ற விளையாட்டு நூலகம் இதன்மேல் கட்டப்பட்டதே.

உரிமத்தின் கதை சற்றுச் சிக்கலானது. பழைய 1.2 பதிப்பின் எல்ஜிபிஎல் உரிமம், விளையாட்டை வாங்கியவர் அதிலுள்ள நூலகத்தை மட்டும் கழற்றி, தான் திருத்திய பிரதியைப் பொருத்த வழியிருக்க வேண்டும் என்றது. நிரலும் நூலகமும் பிரிக்க முடியாதபடி ஒரே கோப்பாகப் பிணைக்கப்பட்ட சில கைப்பேசிகளில் இதை நிறைவேற்றுவது கடினமாக இருந்தது. ஆகவே 2013இல் வந்த 2.0 பதிப்பு, ஏறத்தாழ எந்தக் கட்டுப்பாடும் விதிக்காத இசட்லிப் உரிமத்துக்கு மாறியது.

ஆனால் பழைய நிபந்தனைக்குப் பின்னால் நியாயமும் இருந்தது: பிணைத்துவிட்ட நூலகம் விளையாட்டோடு சேர்ந்து முதுமையடைகிறது, பத்தாண்டுகள் கழித்து இயங்குதளம் மாறும்போது, மூல நிரல் வெளியிடப்படாத அந்த விளையாட்டைச் செப்பனிட எவராலும் இயலாது. இதற்கு உருவாக்குநர்கள் கண்ட தீர்வு நுட்பமானது. எஸ்டிஎல்லின் ஒவ்வொரு கட்டளையும் உள்ளே ஒரு முகவரிப் பட்டியலின் வழியாகவே செல்கிறது. பயனர் தம் கணினியில் குறிப்பிட்ட ஓர் அமைப்பில் புதிய பிரதியின் இடத்தைத் தெரிவித்தால், பட்டியல் முழுவதும் அதை நோக்கித் திரும்பிவிடுகிறது, பிணைக்கப்பட்ட பழைய பிரதி உறங்கிப்போகிறது. உரிமம் கைவிட்ட உரிமையைப் பொறியியல் இவ்வாறு திருப்பித் தந்தது.

1.2 பதிப்பை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகளுக்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது: வெளியே பழைய கட்டளைகளை ஏற்று, உள்ளே அவற்றைப் புதிய பதிப்பின் கட்டளைகளாக மாற்றித் தரும் இணக்க நூலகம் ஒன்று தனியே எழுதப்பட்டது. 2025 தொடக்கத்தில் மூன்றாம் பதிப்பு நிலைபெற்றபோது, இரண்டாம் பதிப்புக்கும் அத்தகைய நூலகம் உருவாகியிருந்தது.