அடுப்பில் உருகிய பிளாஸ்ரிக்

அவசரத்தில் விறகடுப்பின் ஓரத்தில் வைத்த பிளாஸ்ரிக் மூடியோ, தீ மூட்டுவதற்கெனச் சொருகிய பொலித்தீன் பையோ உருகி, விளிம்பிலே பிசின் போற் படிந்துவிடுவதுண்டு. "நாளைக்கு மூட்டும்போது தானாக எரிந்துவிடும்" என்று இல்லத்தரசிகள் பலர் அதனை அப்படியே விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறாகும். பிளாஸ்ரிக் புகை எதுவாயினும் நன்றன்று, பி.வி.சி. என்னும் வகை எரியுங்கால் ஐதரசன் குளோரைட்டு என்ற அமில வாயு வெளிப்படும். டையொட்சின் எனும் கொடிய நஞ்சுகளும் உண்டாகும். அப்புகையைச் சுவாசிப்பவர் தாய். பெரும்பாலும் அவர் இடுப்பிலிருக்கும் குழந்தையுமே.

தணலை அகற்றி அடுப்பை முற்றாக ஆறவிடுக. சூட்டோடு சுரண்டினால் பிளாஸ்ரிக் இழுபட்டு மேலும் பரவும். பின்னர் பனிக்கட்டித் துண்டுகளை நீர் கசியாத பையிலிட்டுக் கால்மணி நேரம் அதன்மேல் வைத்தல் வேண்டும். குளிரிலே பிளாஸ்ரிக் இறுகுவதோடு, மண்ணையும் இரும்பையும் விடப் பன்மடங்கு சுருங்கும். ஆதலாற் பிடி தளரும். இரும்படுப்பாயின் அகப்பைக் காம்பின் ஓரத்தால் நெம்பினாற் பெரும்பகுதி கழன்றுவிடும்.

மண்ணடுப்பே தொல்லை தருவது. மண்ணின் நுண்டுளைகளுள் பிளாஸ்ரிக் இறங்கிவிடுமாதலால், மேற்பரப்பைச் சுரண்டுவது போதாது. கறைபட்ட மண்ணையே பழைய கத்தியாற் செதுக்கி எடுத்து, புற்றுமண்ணும் மணலும் குழைத்துப் பூசுக. பூச்சு நன்கு உலருமுன் தீ மூட்டலாகாது, வெடித்துவிடும். (சூடான அடுப்பில் நீரூற்றினாலும் இதே கதிதான்.)

எடுத்த துண்டுகளைக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடவேண்டாம். முதன்முறை மூட்டும்போது கதவு யன்னல்களைத் திறந்துவைத்து, வாடை நீங்கும்வரை பிள்ளைகளை வெளியே நிறுத்துக. தீ மூட்டுவதற்குப் பன்னாடையும் பொச்சும் தாராளமாகப் போதும்.