நெடுஞ்சாலையில் ஒரு குடித்தனம்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 நெடுஞ்சாலை, பரந்தனைக் கடந்தபின், இருமருங்கும் கடல்நீரேரி விரிந்துகிடக்க, நிழலுக்கு ஒரு மரமும் அரிதான வெளியினூடே ஆனையிறவை அடைகின்றது. ஒல்லாந்தர் காலத்தில், வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியே குடாநாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. இன்றோ தெற்கிலிருந்து சீமெந்தும் மாவும் சீனியும் ஏற்றிவரும் லொறிகள், வெங்காயமும் வாழைக்குலையும் மீனும் ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன.

இந்த லொறிகளின் முன்னிருக்கையிற் சாரதியும் கிளீனருமாக ஆண்களையே காண்கிறோம். கணவனும் மனைவியும் ஒரே லொறியை மாறிமாறி ஓட்டி ஜீவனம் செய்யும் குடும்பங்களும் உலகில் உண்டு என்று சொன்னால் நம்மவருட் பலர் வியப்பார்கள். ஆயினும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பழகிப்போன தொழில்முறை; அதனைத் தோற்றுவித்தது தூரமும் சட்டமும் சேர்ந்து வகுத்த ஒரு கணக்கேயாகும்.

அமெரிக்கச் சட்டத்தின்படி, பாரவண்டிச் சாரதி ஒருவர் 10 மணிநேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தபின் 11 மணிநேரமே வண்டி ஓட்டலாம். கனடாவின் பெரும்பகுதியில் அந்த எல்லை ஒரு நாளில் 13 மணிநேரம். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர் தூரம். தனியொருவர் ஓட்டினால் நான்கு நாட்களேனும் செல்லும். சாரதி உறங்கும்போது வண்டியும் நின்றுவிடுகிறது. வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடுகிறது. இருவர் இருப்பின், ஒருவர் ஓட்ட மற்றவர் இருக்கைக்குப் பின்னுள்ள படுக்கையில் உறங்கலாமாதலால், வண்டி ஓயாது ஓடி, மூன்று நாட்களுக்குள் ஊர் சேரும். அவ்விருவரும் தம்பதியராயின், இருவர் சம்பாத்தியமும் ஒரே வீட்டைச் சேர்கின்றது. அந்தச் சிற்றறையைப் பகிர்ந்துகொள்வதில் அந்நியரிடையே உண்டாகும் சங்கடமும் இல்லை.

கேட்பதற்கு இன்பமாகத் தோன்றும் இவ்வாழ்வின் விசித்திரம் யாதெனில், இரவும் பகலும் சில அடி இடைவெளிக்குள்ளேயே வாழும் இருவரும், ஒருங்கே விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே. ஒருவருக்கு விடியும்போது மற்றவருக்கு இரவு தொடங்குகிறது. ஓடும் வண்டியின் குலுக்கலிலேயே கண்ணயர வேண்டியிருக்கிறது. திடீரெனப் பிரேக் பிடித்தால் விழுந்துவிடாதபடி படுக்கைக்குக் குறுக்கே வலையும் பட்டியும் கட்டப்படுகின்றன. பிணக்கு நேர்ந்தால் வெளியேறிச் சற்றே உலாவி வரவும் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் துணையின் கைத்திறத்தில் உயிரையே ஒப்படைத்துவிட்டு உறங்கும் நம்பிக்கை இன்றியமையாதது. அஃது இல்லாதவர் படுக்கையிற் கிடந்தாலும் உறங்கார், உறங்காதவர் அடுத்த முறை ஓட்டவும் தகார்.

நமக்கு அண்மையிலும் உதாரணம் உண்டு. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்து ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜெலஜா என்னும் பெண்மணி, லொறித்தொழில் நடத்தும் தம் கணவர் ரதீஷுடன் 2022 இல் பெரும்பாவூரிலிருந்து பிளைவூட் பாரம் ஏற்றிப் புறப்பட்டு, காஷ்மீரம் வரை சென்று மீண்டு, தம் பிரயாணங்களைப் படம்பிடித்துக் காட்டியதால் பலராலும் அறியப்பெற்றார். வழியிற் சமைத்துண்டு, மாறிமாறி ஓட்டிச் சென்ற அவர்களுடைய பயணம், நம் பிரதேசத்துப் பெண்ணுக்கும் இது கைகூடும் என்பதை ஐயமின்றிக் காட்டிற்று.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றரேயாதலால், ஓரிரவில் முடியும் இப்பாதைக்கு இரு சாரதிகள் வேண்டியதில்லை எனலாம். அது சரியே. ஆனால் பெண்ணொருத்தி தனித்தேனும் துணையுடனேனும் லொறி ஓட்டாமைக்கு அது காரணமாகாது. கைவலிமை போதாது என்பாரும் உளர். இன்றைய லொறிகளில் எண்ணெய் அழுத்தத்தின் உதவியால் ஸ்டியரிங் இலகுவாகத் திரும்புவதை அவர்கள் அறியார் போலும். துணிவு போதாது என்பார்க்கு விடை இன்னும் அண்மையில் இருக்கிறது. போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை 2002 இல் திறந்தபோது, தாரை விட்டு ஓரடி இறங்கினாலும் கண்ணிவெடிக்கு அஞ்ச வேண்டியிருந்தது; 2006 ஆகஸ்டிற் போர் மீண்டும் மூண்டு, ஆனையிறவுக்கு வடக்கேயுள்ள முகமாலையில் அப்பாதை அடைபட்டது. யுத்தம் ஓய்ந்தபின், அதே முகமாலையில் மண்ணைக் கிளறி வெடிகளை அகற்றியோருள் வன்னிப் பெண்கள் பலர். வெடி அகற்றிய கைக்கு லொறி ஓட்டுதல் அரிதோ?

உண்மையான தடை வேறொன்று. தேநீர்க்கடையின் பின்புறமோ பற்றைமறைவோ ஆண் சாரதிக்குப் போதும். பெண்ணுக்குக் கதவுள்ள மலசலகூடமும், குளிக்க நீரும், அஞ்சாமல் நிறுத்தி உறங்க விளக்குள்ள தரிப்பிடமும் வேண்டும். வெயிலிலும் இருளிலும் இவ்வழியே பாரம் சுமந்து செல்லும் ஆண் சாரதிக்கும் இவை மிகையல்ல. ஆகவே பாதைக்குப் பொறுப்பானவர்களும் லொறிச் சொந்தக்காரரும் கூடி, வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே, ஆனையிறவு உட்பட, இத்தகைய தரிப்பிடங்களை அமைத்துக் கொடுப்பார்களாக. அதன்பின் ஓட்டுவதா வேண்டாமா என்பதை அப்பெண்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.